அட்டையின் பின்பக்கம்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா,
உள்ளே எடைவாரியாக அட்டைகள்.
ஹெவிவெயிட் கட்டுக்கு இரண்டு ரப்பர் வளையம்.
பான்டம்வெயிட்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான்,
அதில் ஓரம் மடங்கிய ஒன்று:
டாரல் கிம்ப்ரோ. டொலிடோ, ஒஹாயோ.
நூற்றுப் பதினெட்டு பவுண்டு. இடக்கைக்காரன்.

முன்பக்கம் அமெச்சூர் கணக்கு.
எழுபத்தொன்றில் அறுபத்து மூன்று வெற்றி,
மாநிலப் பட்டம் இருமுறை,
தேசிய அரையிறுதியில்
மூன்றுக்கு இரண்டென்று நடுவர்கள் பிரிந்தார்கள்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
பேருந்தில் ஏறி உட்கார்ந்தானாம்.
நான் பார்க்கவில்லை.
சம்பளமில்லாத கணக்கைப்
பென்சிலில்தான் எழுதுவது என் வழக்கம்.

பின்பக்கம் மை.
முதல் சண்டை நாலு ரவுண்டு, நானூறு டாலர்.
மேனேஜர் வொய்ட்கோவியாக்குக்கு மூன்றிலொன்று,
மூலையில் நின்றவனுக்கு நாற்பது,
ரத்தப் பரிசோதனை, பெட்ரோல்.
மிச்சத்தில் மகளுக்குப் பனிக்கால பூட்ஸ்,
ஒரு அளவு பெரிதாக.

ஒன்பது வெற்றி வரிசையாக.
பத்தாவதில் வலப்புருவம் கிழிந்தது.
பிறகு யார் தொட்டாலும் திறந்துகொள்ளும்
தாழ்ப்பாளில்லாத கதவு அது.

செவ்வாய்க்கிழமை கூப்பிடுவேன்.
"சனிக்கிழமை, பியூமான்ட், டெக்சஸ். ஆறு ரவுண்டு.
இப்போது எவ்வளவு இருக்கிறாய்?"
"நூற்றிருபத்தாறு."
"இறங்குமா?"
"இறங்கும்."
எதிரி யாரென்று அவன் கேட்டதேயில்லை.

ஜூலை மாதம், காரில் ஹீட்டர் முழுவேகத்தில்,
மேலே ரப்பர் உடை,
புளிப்பு மிட்டாய் சப்பிச் சப்பிக்
காப்பிக் கோப்பையில் துப்பிக்கொண்டே
ஆறு மாநிலம் தாண்டி வருவான்.
தராசில் துண்டு மறைவில்
ஜட்டியையும் கழற்றிக் கொடுப்பான்.
நூற்றுப் பதினெட்டு. முள் அசையாது.

அட்டையில் எழுதினேன்:
வருவான். எடை தருவான். நிற்பான்.
அப்படி எழுதி அனுப்பிய இடங்களில்
பதினொரு தோல்வி.

அப்புறம் பிலக்ஸி.
தோல்வியே காணாத உள்ளூர்ப் பையன்,
கார் விற்கும் மாமா ஒருவர்
அறுநூறு டிக்கெட் வாங்கியிருந்தார்.
இரண்டாம் ரவுண்டு.
ஈரலில் ஒரு இடக்கை, அவ்வளவுதான்.
தொலைத்த மோதிரத்தைத் தேடுகிறவன்போல
மண்டியிட்டுக் கிடந்தான் பையன்.
எண்ணி முடிக்கும்வரை யாரும் கத்தவில்லை.
டாரல் கயிற்றுக்கு மேலே
என் நாற்காலியைத் தேடினான், சிரித்தபடி.
நான் குனிந்து
ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்,
கட்டியிருந்த நாடாவை.

அதன்பின் நான் அழைக்கவில்லை.
நான் மட்டுமல்ல, எவரும்.
ஜெயிக்கக்கூடியவனைக் காசு கொடுத்து
யார் கூட்டிவந்து நிறுத்துவார்கள்?

எட்டு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான்.
செவ்வாய்க்கிழமை.
பின்னால் ஏதோ கிடங்கின் சத்தம்,
பின்னோக்கி வரும் லாரியின் கூவல்.
"நூற்றிருபதில் இருக்கிறேன்" என்றான்.
"சும்மா சொல்லிவைக்கலாமென்று."

சரி, குறித்துக்கொள்கிறேன் என்றேன்.
குறித்துக்கொள்ளவும் செய்தேன்,
முன்பக்கம், பென்சிலில்.