எழுபத்தெட்டு

கர்னாக் பந்தரில் இரும்புக் கடை.
எடை எழுதுவது என் வேலை.
பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி, ஆறு கட்டு,
நானூற்றுப் பதினெட்டு கிலோ,
கைவண்டி, ஷேல்கே, பைகுலா வரை.
கையெழுத்துக்குப் பதில் அவர் வைப்பது
துருவேறிய ஒரு கட்டைவிரல்.

என் எடையை எங்கும் எழுதியதில்லை.
காசு போட்டால் சீட்டுத் தரும் ஸ்டேஷன் மிஷினை
இருபது வருஷமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஜூலை. மூன்று நாளாக விடாத மழை.
வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்க,
முன்கயிறு நெகிழ்ந்து
கம்பிகள் மொத்தமாக ஒன்றரை அடி
பின்னால் சரிந்தன.
அவ்வளவுதான்.
வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது.
குறுக்குக்கட்டையைப் பிடித்திருந்த ஷேல்கே
அதோடு மேலே போனார்.
அவர் கால்கள்
இல்லாத சைக்கிளை மிதித்தன.

தெரு சிரித்தது.
டெம்போக்காரன் ஹாரன் அடித்துச் சிரித்தான்.
பின்னாலிருந்து தள்ளும் ராம்சூரத்
கம்பி நுனியில் தொங்கும் சிவப்புத் துணிக்கு அடியில்
தோள் கொடுத்தான்; வழுக்கி விழுந்தான்.

குடையை எறிந்துவிட்டு ஓடினேன்.
சக்கரத்தை ஒட்டி, கைக்கு அகப்பட்ட சட்டத்தில்
முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன்.
ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"அங்கே இல்லை, தாயி,"
மேலேயிருந்து ஷேல்கே சொன்னார்,
மாடி ஜன்னலில் நின்று வழி சொல்கிறவர் மாதிரி,
"முன்னால் வா. என் பக்கம். நுனிக்கு."

நுனி எட்டவில்லை.
கடைப்படியில் கிடந்த எடைமேடை மேல் ஏறினேன்.
வேறு எதன் மேலும் ஏற நேரமில்லை.
சிவப்பு எண்கள் பற்றிக்கொண்டு எரிந்தன:
எழுபத்தெட்டு.
ஊரே பார்க்க, மழையில், மின்சாரத்தில்.

கட்டையைப் பிடித்து முழங்காலை மடக்கினேன்.
எழுபது. நாற்பத்தொன்று. பன்னிரண்டு.
பூஜ்யம்.
என் எடை முழுவதும் வண்டிக்குப் போய்விட்டது.
மூக்கு மெதுவாகத் தாழ்ந்தது.
ஷேல்கேயின் செருப்பு தண்ணீரைத் தொட்டது,
பிறகு தண்ணீருக்கு அடியில் இருந்த ரோட்டை.

அதே நான். அதே எடை.
மாறியது ஏழு அடி தூரம்.

பிறகு யோசித்தேன்.
நெம்புகோல் எதையும் சும்மா தருவதில்லை.
நுனி நாலடி இறங்கினால்தான்
சுமை முக்கால் அடி எழும்புகிறது.
பலத்தில் வரவு, தூரத்தில் பற்று.
இவ்வளவு யோக்கியமான கணக்கை
சேட்டின் பேரேட்டில் நான் பார்த்ததில்லை.

நிற்க இடம் கொடுத்தால்
உலகத்தையே பெயர்ப்பேன் என்றானாம் யாரோ.
மஸ்ஜித் ஸ்டேஷனில்
ஆறு பத்து கல்யாண் வண்டியில்
ஏறிப் பார்க்கட்டும்.

ஏறினேன். ஒற்றைக் கால் வைக்க இடம்.
வலதுகை மேல்வளையத்தில்,
இடதுகையில் தக்காளிப் பை.
முழங்கை வலித்தது, வலிக்காமல் என்ன செய்யும்?
அது நஷ்டத்திலேயே நடக்கிற கடை.
தசை இழுப்பது மூட்டை ஒட்டி,
பை தொங்குவது ஒரு முழம் தள்ளி.
ஒரு கிலோ தக்காளிக்கு
எட்டு கிலோ இழுவை.
ஆனால் தசை ஓர் அங்குலம் சுருங்கினால்
விரல்கள் எட்டங்குலம் போய்விடுகின்றன.
சயானில் இறங்கும்போது
கூட்டம் பறித்த ஒரு குழந்தையின் தொப்பியை
காற்றிலேயே பிடித்தேன்,
நஷ்டக் கையால்.

மறுநாள் பேரேட்டில்
ஷேல்கேயின் வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்: 78.
சேட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது எந்தக் கட்டு?"

"முன்பக்கம் வைத்தது," என்றேன்.