முஷ்டிக்குள் ஒரு துளை

மில்வாக்கியில் என் சனிக்கிழமைகள் விடிவது
செத்தவர் வீட்டு வாசலில்.
ஆறு மணிக்கு எண் சீட்டு கொடுப்பார்கள்.
பனியில் கால் மாற்றிக் கால் ஊன்றியபடி
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
ஏழாவது ஆள் ப்ரோனெக்.
அவனுக்கும் உலோகம்தான் வேண்டும்.
பத்தொன்பது வருடமாக நாங்கள்
ஒருவரை ஒருவர் வெறுத்து வருகிறோம்,
மரியாதையாக,
ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்தபடி.

கதவு திறந்ததும் மற்றவர்கள்
நகைப்பெட்டிக்கும் பீங்கானுக்கும் பாய்வார்கள்.
நான் அண்ணாந்து மேல்தட்டுகளைப் பார்ப்பேன்.
ஐம்பதுகளில் மனிதர்களை
மெலிய வைத்துவிட்டார்கள்:
கம்பி இடுப்பு, ஆணிக் கழுத்து,
பயறளவு தலை.
முகம் என்று ஒன்று கிடையாது.
போர் முடிந்த கையோடு
முகம் செய்ய யாருக்கும் மனம் வரவில்லையோ,
பற்றவைப்பவனுக்கு நேரம்தான் இல்லையோ.
கூலி உருப்படிக்கு இத்தனை என்றால்
மூக்கு வைப்பது நஷ்டம்.

என் வீட்டில் அப்படி முப்பத்தோரு பேர்.
செல்லோ வாசிப்பவன் குளிர்பதனப் பெட்டி மேல்,
பனிச்சறுக்குக்காரர்கள் இருவர் குளியலறை ஜன்னலில்.
யாரையும் பளபளக்கத் தேய்ப்பதில்லை.
அறுபது வருட அழுக்குக்கும் சேர்த்துத்தானே
காசு கொடுத்தேன்.

அவள் கிடைத்தது
ஸ்க்விரின் அம்மாள் வீட்டு நிலவறையில்,
காய்ந்த பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே.
பித்தளை. ஒன்றரைச் சாண்.
காற்றுக்கு எதிராக நடக்கிறாள்,
பாவாடை பின்னால் பறக்கிறது.
நீட்டிய வலக்கை, மூடிய முஷ்டி,
முஷ்டிக்குள் ஒரு துளை.
நாற்பது டாலர் என்று ஒட்டியிருந்தது.
துளையைக் காட்டி முப்பதாக்கினேன்.
ஊனத்தைச் சொல்லி விலை குறைத்தது
இன்னும் உறுத்துகிறது.

எதைப் பிடித்திருந்தாள்?
குடை, என்றான் ப்ரோனெக், சட்டென்று.
பலூன், என்றாள் பல் மருத்துவமனையில்
என் பக்கத்து நாற்காலி யோலாண்டா.
நாயின் வார், என்றார் கெர்ஹார்ட்.
வீட்டில் நாய் வேண்டுமென்று
அவர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.
பஞ்சுக்குச்சியை விட்டுத் துழாவினேன்.
பச்சைக் களிம்பு வந்தது,
பதில் வரவில்லை.

கெர்ஹார்ட் போய்விட்டார்.
மேலே இல்லை, வடக்கே,
டூலூத்தில் இன்னொருத்தியிடம்.
அங்கே இரண்டு நாய்கள் என்று கேள்வி.
அவர் சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாதென்று
கொஞ்ச நாள் குடைகளை மட்டும் தேடினேன்.
பிறகு எல்லாவற்றையும்.

இந்த மார்ச்சில்
சீட்டில் எண் ஒன்று.
நாலு மணிக்கே போய் நின்றேன்.
காப்பியை நானே கொண்டு போனேன்.
ப்ரோனெக்கின் வீடு.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால், மூன்றாம் தட்டில்,
விரலளவு பித்தளை நாய்.
காதுகள் பின்னால் பறக்க,
கழுத்திலிருந்து ஒரு கம்பி கிளம்பி
வளைந்து, எதிலும் முடியாமல் நின்றது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
வயிற்றில் ஒட்டுத்தாள், அவன் கையெழுத்து:
'ஜோடி ஹெட்விக்கிடம்.
விற்க மாட்டாள். கேட்காதே.'

பத்தொன்பது வருடம்
குடை குடை என்றே சொன்ன வாய்.

இருபத்தைந்து டாலர்.
பேரம் பேசவில்லை.
காசு வாங்கிய மருமகள்
பை வேண்டுமா என்றாள்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
வழி முழுக்க அது விலாவில் குத்தியது.

இப்போது இருவரும் ஒரே தட்டில்.
கம்பியைத் துளையில் விட்டுப் பார்க்கவில்லை.
பொருந்தாமல் போனால்
அவன் இத்தனை வருடம் தப்பாக நினைத்திருந்தான்;
பொருந்திவிட்டால்
அவனிடம் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

அவள் நடக்கிறாள்.
நாய் ஓடுகிறது.
நடுவில் நாலு விரற்கடை தூசி.
சனிக்கிழமைகளில் தட்டைத் துடைக்கும்போது
அந்த இடத்தை மட்டும்
சுற்றிக்கொண்டு போகிறது துணி.