விட்ட கோல்கள்

இடைவேளைக்கு இரண்டுக்கு ஒன்று.
யோகபுரம் முன்னுக்கு நிற்கிறது.
கச்சான் கோதை உடைத்துக்கொண்டு
வழக்கம்போலத் தொடங்கினார் பத்மசீலன்:
"தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ரீம் எண்டால்
இவங்களுக்கு ஏழு போட்டு அனுப்பியிருக்கும்."

தொண்ணூற்றி நாலில்
வளர்பிறைக்கு இருந்தது ஒரே ஒரு சோடி பூட்ஸ்.
வலதைக் கோணேசன் போட்டான்,
இடதை இடதுகாலன் றெஜி.
தடைக்குள்ளே புதுப் பந்து ஏது?
பிளாடருக்குச் சைக்கிள் ரியூப்பில்
ஒட்டுக்குமேல் ஒட்டு.
ஒட்டுப்பட்ட பக்கம் பாரம்,
அடித்தால் தன்பாட்டில் வளையும்.
"றெஜியின்ர வளைவு" என்று
முப்பது வருசமாய் நாங்கள் புகழ்வதில்
பாதி அந்த ஒட்டினுடையது.
இதைப் பத்மசீலனுக்கு நான் சொன்னதில்லை.

இப்போதைய பெடியளுக்கு ஆளுக்கு இரண்டு சோடி.
முதுகில் தங்கள் பெயர், நெஞ்சில்
சுவிஸில் பலசரக்குக்கடை வைத்திருப்பவரின் பெயர்.
வென்றாலும் படம் போடுகிறார்கள்,
தோற்றாலும் போடுகிறார்கள், அதே சிரிப்போடு.
அது எனக்குப் பிடிக்காது.
ஆனால் டிலக்சன் இருக்கிறானே, ஏழாம் நம்பர்,
பந்து வரமுதலே தலையைத் திருப்பி
யார் எங்கே என்று பார்த்துவிடுகிறான்.
அந்தப் பார்வை பழைய ரீமில் ஒருத்தருக்கும் இருக்கவில்லை.
அவர்கள் பந்தைப் பார்த்தார்கள்,
இரைச்சல் கேட்டால் வானத்தை.

ஸ்காபரோவில் காலை ஏழரை.
வேலைக்கு வெளிக்கிட்டபடி
சூசைநேசன் வீடியோவில் வந்து வாக்குப் போட்டான்:
"கோலுக்கு ஜெகன்தான். வேற கதை இல்லை."

எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேர்.
பதினைந்து வருசமாய்த் தெரிவு நடக்கிறது,
இன்னும் முடியவில்லை.
பத்து இடத்துக்கும் அடிபடுவோம்,
ஒருமுறை கதைபேச்சே இல்லாமல் ஆறு மாதம் இருந்தோம்,
ஒரு பின்வரிசைக்காரனுக்காக.
கோல் காப்பாளர் என்றதும் மட்டும்
மூன்று பேருக்கும் ஒரே வாய்: ஜெகசோதி.

அவன் விட்ட கோல் ஒன்றுகூட எங்களுக்கு ஞாபகமில்லை.
பத்தொன்பது வயசோடு நின்றுபோனவனுக்குத்
தொப்பை வைக்கவில்லை.
முழங்கால் தேயவில்லை.
முப்பத்தாறில், மீசை அரும்பாத ஒருத்தன்
காலுக்கிடையால் அடித்துவிட்டுச் சிரிக்கவில்லை.
அவனோடு போட்டிபோட
மூச்சு விடுகிற எந்தக் கோலியால் ஏலும்?

பின்னால், நிறுத்திய ஸ்கூட்டியில் இருந்தபடி
ஹெல்மெற்றைக் கழற்றாமலே கேட்டாள் தர்மாவதி,
ஜெகனின் தங்கச்சி:
"வவுனிக்குளத்தோட நாலு விட்டவன். மறந்திட்டியளோ?
மூண்டாவது காலுக்குள்ளால.
வீட்டை வந்து சோறு தின்னேல்லை,
வைக்கலுக்குள்ள போய்ப் படுத்தவன்.
நான் எண்ணினனான். நாலு."

பத்மசீலன் வாயைத் திறந்து மூடினார்.
திரையில் சூசைநேசன் அசையாமல் நின்றான்,
இணைப்புப் போய்விட்டதா
அவன்தான் அப்படி இருந்தானா தெரியாது.
கொஞ்சம் கழித்து
"ஓம். நாலு" என்றது போன்.

இரண்டாம் பாதி.
வெயில் குளக்கட்டுக்கு அந்தப்பக்கம் இறங்க
யோகபுரத்தான் ஒருவன் சும்மா தட்டிவிட்ட பந்து,
எங்கள் கவிந்தன் குனிய,
அவன் இரண்டு காலுக்கும் இடையால்
ஆறுதலாய் உருண்டு போய்
வலையைத் தொட்டது.

மூன்றுக்கு ஒன்று.
பத்மசீலன் தொண்ணூற்றி நாலை இழுப்பார் என்று
திரும்பிப் பார்த்தேன்.
இழுக்கவில்லை. கையிலிருந்த கச்சானை
எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்மாவதி, இப்போது ஹெல்மெற் கையில்,
ஸ்கூட்டியின் கால்தட்டில் ஏறி நின்று கத்தினாள்:
"பரவாயில்லையடா!
எங்கட அண்ணை மாதிரியே விட்டிருக்கிறாய்!
எழும்பு!"

அவள் அண்ணை யாரென்று அவனுக்குத் தெரியாது.
கையுறை மண்ணைத் தட்டிவிட்டு
பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.