காந்தத்தில் ஒட்டாதது

அடேனாவில் சனிக்கிழமை, மணி மூன்று.
மலைக்கு அந்தப் பக்கம், பந்தயப் பாதையில்
யாரோ வளைவுக்கு முன் கியரைக் குறைக்கிறார்கள்.
இங்கே நான், சலவை இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியைப்
பிரித்து விரித்து அதன்மேல் மல்லாந்து
முந்நூற்றைம்பத்தைந்து குதிரைகளின்
ஒற்றை வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

பட்டறையில் கேட்ட கூலிக்கு
நான் ஒரு வாரம் பல் செய்யவேண்டும்.
பல் செய்வதுதான் பிழைப்பு:
கடைவாய்க்கு உறை, இடைவெளிக்குப் பாலம்.
இந்த வட்டாரத்தில் யார் யாரோ
என் கைவேலையால் ரொட்டி மெல்கிறார்கள்.
முகம் தெரியாது. கடி மட்டும் தெரியும்.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்திருந்தேன்.
சூட்டோடு இறக்கினால்தான் கசடும் கூட இறங்கும்.
மரையாணி கடைசிச் சுற்றில் நழுவி
எண்ணெய்க்குள்ளேயே விழுந்தது.
எப்போதும் விழும். எப்போதும் திட்டுவேன்.
முதலில் கயிறாக, பிறகு நூலாக,
பிறகு எண்ணிவிடலாம்போல் சொட்டுச் சொட்டாக
எட்டு லிட்டர் கறுப்பு.

வேலியோரம் ரெட்டராத்தின் செருப்புகள் வந்து நின்றன.
“மண்ணில் ஒரு துளி விழுந்தாலும், ஃப்ராவ் யூஸ்டன்...”
தட்டுக்குக் கீழே தட்டு,
அதற்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு,
பழைய எண்ணெயைக் கடையில் திருப்பித் தர
ரசீது சட்டைப்பையில்.
செருப்புகள் ஏமாற்றத்தோடு திரும்பிப் போயின.

வடிகட்டியைக் கழற்றிய கையோடு
தூக்கிப் போட்டிருக்கலாம்.
நாளை பதினோரு மணிக்குக் கோப்ளென்ஸிலிருந்து
யானிக் பெர்ரெஸ் பணத்தோடு வருகிறான்.
இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணம் என்று
கேட்காமலே சொன்னான்.
ஆனால் மடித்த காகிதம் கையில் இருந்தால்
என்னால் பிரிக்காமல் இருக்க முடியாது.
இரண்டு ஓரத்தையும் கத்தியால் அறுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் விசிறிபோல் இழுத்தேன்.

மூன்றாவது மடிப்பில் மினுங்கியது.

துணி, கைவிளக்கு, கண்ணாடி.
காந்தத்தை மேலாக மெல்ல நகர்த்தினேன்.
ஒட்டு, ஒட்டு என்றேன்,
இரும்பென்றால் வேறு கதை, சின்னக் கதை.
ஒட்டவில்லை.
பத்தொன்பது வருஷம் உலோகம் உருக்கியவளுக்குச்
செம்பின் நிறம் தெரியாதா?
உள்ளே பேரிங் தோல் உரிகிறது.

சத்தம் ஒன்றும் காட்டவில்லை, கள்ளன்.
இன்று காலைகூட ஏழாயிரம் சுற்றில்
ரோமம் சிலிர்க்க வைத்தானே.

எழுந்து உட்கார்ந்தேன். பிறகு படுத்தேன்.
புது வாஷர். புது வடிகட்டி.
முறுக்குச்சாவி ‘கிளிக்’ என்றதும் நிறுத்தினேன்.
தேன்நிறத்தில் எட்டு லிட்டர், அவசரப்படாமல்.
ஏன் என்று கேட்டால்,
நாளை பிடுங்கப்போகும் பல்லையும்
இன்று துலக்கத்தானே செய்கிறோம்.

ஆறு மணிக்கு அவனே அழைத்தான்.
“எண்ணெய் மாத்தியாச்சா?”
“மாத்தியாச்சு.”
“நீங்களேவா?”
“நானேதான்.”
சிரித்தான். அந்தப் பக்கம் யாரோ குழந்தைக்குக்
குளிக்கத் தண்ணீர் திறந்துவிடும் சத்தம்.
“அப்ப கவலையில்ல” என்று வைத்துவிட்டான்,
நான் வாயைத் திறந்திருந்தபோதே.

இப்போது சமையல் மேசையில்
பல் அனுப்பும் நீலப்பெட்டி ஒன்று.
உள்ளே, பஞ்சின்மேல்,
விரல் நீளத்துக்கு அந்த மூன்றாவது மடிப்பு.
நாளை சாவிக்கு முன்னால்
அவன் கையில் இதுதான் போகும்.
வழக்கம்போல் மூடியில் சீட்டும் ஒட்டிவிட்டேன்.
‘நோயாளி பெயர்’ என்று அச்சடித்திருக்கிறது.
அவன் பெயரா, என் பெயரா, வண்டியின் எண்ணா?
பேனாவின் மூடி
எப்போதிலிருந்து என் பல்லிடுக்கில் இருக்கிறதென்று
தெரியவில்லை.