பழைய வயர் அகற்றல்

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில்
கண்ணாடி முகப்பு வைத்த நாலு மாடி.
முகப்பு முழுக்க எதிர்த்த பரோட்டாக் கடைதான்,
இடவலம் மட்டும் மாறி.
மூன்றாம் மாடிக்கு நகைக்கடன் கம்பெனி வருகிறது.
திங்கள் ஒன்பது மணிக்கு மேல், ராகு காலம் கழித்துத் திறப்பு.
அதற்குள் தொண்ணூற்றாறு பாயிண்ட்.

நான் ஏணியில், பால்ஸ் சீலிங்குக்குள் கழுத்து வரை.
ஒச்சப்பன் நாற்பது மீட்டர் தள்ளி சர்வர் ரூமில்.
நடுவில் ஏசி குழாய், ஒரு சிமெண்ட் உத்தரம்,
எலிப் புழுக்கை, யாரோ குடித்து ஒளித்த குவார்ட்டர் பாட்டில்.
செல்போன் இங்கே எடுக்காது.
போன் வயர் இழுக்க வந்தவர்கள்
வயரைச் சுண்டித்தான் பேசிக்கொள்கிறோம்:
ஒரு சுண்டு என்றால் விடு.
இரண்டு, நிறுத்து.
மூன்று, டீ வந்துவிட்டது.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
தூக்கத்திலும் என் விரல் இந்த வரிசையில் மடங்குகிறதாம்,
எட்டில் நிற்கிறதாம்.
மிச்சம் இரண்டு விரலும்
சும்மாதான் கிடக்கின்றன என்கிறாள் ரெஜினா.

ஒர்க் ஆர்டரில் ஆறாவது வரி:
பழைய வயர் முழுவதும் அகற்றித் தரவேண்டும்.
அகற்றினோம்.
முன்பு இங்கிருந்த சீட்டுக் கம்பெனியின் வயர்,
வெயிலே பார்க்காமல் மஞ்சளித்தது,
கிலோ கணக்கில்.
செம்புக்குத் தனி விலை. அது ஒச்சப்பன் பங்கு.

ஞாயிறு பதினோரு மணி.
கடைசி ஜோடியைத் தோலுரித்தவன் கையை உதறினான்.
"அண்ணே, இதுல உசுரு இருக்கு."
மணியடிக்கும்போதுதான் அந்த வயர் அப்படிக் கடிக்கும்.
டெஸ்ட் போனின் கிளிப்பைக் கவ்வவிட்டேன்.

"சார், திறந்துட்டீங்களா?"
பெண் குரல். பின்னால் குக்கர் விசில்.
"வாடிப்பட்டியிலேர்ந்து பேசுறேன். ரசீது நம்பர் சொல்லவா?"
நான் வயர் போட வந்த ஆள் என்றேன்.
வரப்போவது வேறு கம்பெனி என்றேன்.
உங்கள் கம்பெனி ஓடி ஆறு வருஷம் என்று சொல்ல வாயெடுத்து
ஏணியில் ஒரு படி இறங்கினேன், எதற்கென்று தெரியாமல்.
"தெரியும்" என்றாள்.
"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அடிப்பேன்.
மணி போகுதுல்ல.
இன்னைக்குத்தான் ஒரு ஆளு எடுத்துருக்கு."
பிறகு, நாலு ஒன்று ஏழு இரண்டு பூஜ்ஜியம் என்று
கேட்காமலே சொல்லி வைத்துவிட்டாள்.
லேபிள் மிஷின் இடுப்பில் தொங்கியது.
அடித்துவிட்டேன். பழக்கதோஷம்.

சாயங்காலம் டெஸ்டர் போட்டுப் பார்த்தோம்.
தொண்ணூற்றைந்து சுத்தம்.
அறுபத்தொன்றில் ஏழாவது விளக்கு எரியவில்லை.
அந்தப் போனுக்கு அப்புறம்
நான் முதலில் அடித்த கிரிம்ப் அது.
வெட்டி எறிந்து மறுபடி அடித்தேன்.

மேனேஜர் முரளிதாஸ் வந்தார்,
ரேக்கைத் திறந்து, நீல வயர்களைத் தடவி,
"சடை பின்னுன மாதிரி இருக்கே" என்றார்.
ஆறாவது வரிக்கு எதிரே நான் எழுதினேன்:
பழைய வயர் அகற்றல், முழுவதும், ரூபாய் நாலாயிரம்.
அவர் கையெழுத்துப் போட்டார்.
தலைக்கு மேலே, ஏசி குழாய்க்கு அந்தப் பக்கம்
டை போட்டுக் கட்டிய ஒரு சுருள்,
நுனியில் கறுப்பு டேப்பும்
41720 என்ற லேபிளுமாக.

வண்டி காளவாசல் சிக்னலில் நிற்கும்போது
ஒச்சப்பன் பின்னாலிருந்து கேட்டான்:
"அந்த லைனுக்கு யாருண்ணே பில்லுக் கட்டுறா?"
பச்சை விழுந்தது.

அடுத்த ஞாயிறு
தேனி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி, நூற்றிருபது பாயிண்ட்.
அதே ஏணி, வேறு எலிகள்.
பதினோரு மணிக்கு
வயர் என் கையில் மூன்று தடவை சுண்டியது.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
டீ வந்திருக்கவில்லை.