காப்பு

பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கீழே
ஏழாவது தூணில் என் பெயர் இருக்கிறது.
சிகரெட் நெருப்பால் சுட்டது.
முழுசாய் இல்லை, 'டிலு' மட்டும்.
மிச்ச எழுத்துக்குக் கை நிற்கவில்லை.

நண்டு வலை மூன்று இருந்தது.
இரண்டை விற்று ஐஸ் வாங்கினேன்.
மூன்றாவது ஓட்டை,
அதை யாரும் கேட்கவில்லை.

பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தார்கள்.
பதாகையில் 'பழங்குடி இளைஞர்' என்று போட்டிருந்தது.
"பழங்குடி எண்டா பழைய குடிகாரனோ?"
வினோகரன் காதுக்குள் கேட்டான்.
எங்கள் பக்கம் குடி என்றால்
முதலில் தாய்வழி,
சாராயமெல்லாம் மறுகாதான்.
ஆனாலும் சிரித்தோம்.

ஆறாம் வகுப்பில் 'வேடன்' என்று கத்தி
என் கொப்பியைக் கிணற்றில் போட்டவன்
வரவுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தான்.
ஒப்பம் வைத்தேன்.
மூளையைப் படம் போட்டுக் காட்டினார்கள்.
அங்கங்கே ஓட்டை,
என் மூன்றாவது வலை மாதிரி.
சோற்றுப் பார்சலில் அவித்த முட்டை இருந்தது.
சாப்பிட்டுக் கைகழுவி
நேரே பாலத்தடிக்குப் போனோம்.

அவர்கள் சொன்னதில் பிழையில்லை.
'வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்றார்கள்.
சொல்லலாம்.
சொன்ன பிறகு எங்கே போய் நிற்பது?
"என்னகா, பயந்துட்டியோ" என்று
ரெஜி சிரிப்பானே,
அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் இல்லை.

ஆனியில் சடங்கு வந்தது.
பந்தலுக்குக் குழை வெட்ட ஆள் போதவில்லை.
காப்புக் கட்டினால் எட்டு நாள்
பந்தலை விட்டு அசையக் கூடாது.
ரெஜிக்கு நான் பன்னிரண்டாயிரம் கடன்.
உண்மையைச் சொல்கிறேன்,
தெய்வத்துக்காகப் போகவில்லை.
ஒளிக்கப் போனேன்.

மஞ்சள் நூல், ஒரு துண்டு மஞ்சள்.
கட்டினவர் ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு நாள் செத்த மீனாய்க் கிடந்து தூங்கினேன்.
மூன்றாம் நாள் கோபம்:
குழை கட்டும் கயிற்றைப் பல்லால் கடித்தேன்,
பந்தலின் பின்னால் மணலை உதைத்தேன்.
தெய்வம் ஏறப்போகுதென்று
இரண்டு பெண்கள் விலகி நின்றார்கள்.
ஏறவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அந்தியில் ரெஜி வந்தான்.
வேப்பிலை கட்டிய கயிற்றுக்கு அப்பால்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.
அவனும் எங்கள் குடிதான்.
பொத்திய கையை நீட்டி
"காசு மறுகா தாவன்" என்றான்.
நான் மணிக்கட்டைத் தூக்கினேன்.
"காப்புக் கட்டிக் கிடக்கு."

அவன் சிரிக்கவில்லை.
கயிற்றைப் பார்த்தான், காலைப் பார்த்தான்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

ஆறாம் நாள் தேன் சட்டி தூக்கத் தந்தார்கள்.
கை நடுங்கிப் பாதத்தில் சிந்தியது.
எறும்பு வந்தது. விட்டேன்.

எட்டாம் நாள் காப்பை அறுத்து
உப்பாற்றில் போட்டார்கள்.
மணிக்கட்டில் சாடையாய் ஒரு வெளிறல்.
வெயிலில் நின்றால்
பத்து நாளில் கறுத்துவிடும் என்று தெரியும்.
அந்தப் பத்து நாளும்
சட்டைக் கையை மடித்துவிட்டே நடந்தேன்.
இரண்டு தரம் ரெஜி எதிரே வந்தான்.
இரண்டு தரமும் பார்த்தது என் முகத்தையல்ல.

பதினோராம் நாள்
ஓட்டை வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.
வினோகரன் வந்து குந்தினான்.
கன்னம் ஒட்டி, உதடு வெடித்து,
தம்பியின் சைக்கிளை விற்றிருந்தான்.
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
"அடுத்த சடங்கு எப்ப?"
"அடுத்த ஆனி."
"அதுமட்டும் நான் கிடப்பனோ?"

மஞ்சள் இல்லை, நூலும் இல்லை.
வலை நைலோனில் ஒரு முழம் அறுத்து
அவன் கையில் கட்டினேன்.
இப்படிக் கட்டலாமா என்று
யாரிடமும் கேட்கவில்லை,
தெய்வத்திடம்கூட.
எனக்கு மிச்சத்தை
இடக்கையாலும் பல்லாலும் நானே கட்டினேன்.

"எத்தினை நாளைக்கு?"
தெரியாது.
முடிச்சும் வடிவாய் வரவில்லை.
நண்டு வலை முடிச்சு அது,
இழுக்க இழுக்க இறுகும்.
வினோகரன் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
பிறகு வலையின் மற்றத் தொங்கலைத் தூக்கி
மடியில் போட்டுக்கொண்டான்.