சிவப்புக் கெண்டி

நோர்வூட் வளைவில்தான் முதலில் எரிந்தது.
டேஷ்போர்டின் மூலையில் சின்னதாய் ஒரு கெண்டி.
மூக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு,
விழாமல்.
ஏற்றத்தில் அணையும்,
இறக்கத்தில் எரியும்,
நிறுத்தினால் முறைக்கும்.

ஹட்டன் கராஜில் பொனட்டைத் திறக்காமலே சொன்னார்:
"ஒயில் பம்ப் போச்சு மிஸ்ஸி, எஞ்சினை இறக்கணும்.
ரெண்டு லட்சம் முடியும்.
இல்லாட்டி எனக்கே குடுத்துருங்க."
கத்தாரிலிருந்து அவரும் அதையேதான்:
"வித்துருவமே."

டிப்ஸ்டிக்கை இழுத்தேன், துடைத்தேன்,
விட்டு மறுபடி இழுத்தேன்.
மேல்கோட்டில் நின்றது ஒயில்,
கொஞ்சம் ஆறிய பிளேன்டீ நிறத்தில்.

பதினொரு வருஷமாய் டிஸ்பென்சரியில்
பிரஷர் பார்க்கிறவள் நான்.
எண் எகிறினால்
ஆளுக்கு முன் பட்டியைச் சந்தேகிப்பேன்.
குழாயில் மயிரிழைக் கீறல் போதும்,
நல்ல மனுஷியை நோயாளியாக்க.

போயா நாள். தோட்டம் தூங்கிக் கிடந்தது.
பேக்டரி பிற்றர் சவரிமுத்து
ஒரு கேஜைக் கொடுத்தனுப்பியிருந்தார்,
கடதாசியில் சுற்றி,
"மரை பத்திரம்" என்று பென்சிலில் எழுதி.

சென்சர் எங்கே?
பில்டருக்கு மேலே, எஞ்சினின் முதுகுக்குப் பின்னால்,
கை போனால் கண் போகாத இடத்தில்.
பக்கத்து வீட்டு ஜெசிந்தா டோர்ச் பிடித்தாள்.
வெளிச்சத்தை என் முகத்திலும்
பேச்சைத் தன் நாத்தனார் மீதும் அடித்தாள்.

வயரைக் கழற்றினேன்.
இருபத்துநாலு சொக்கட்
வழுக்கி விழுந்தது, எங்கோ தங்கியது.
காரை உலுக்கினோம்.
வேலிக்கம்பி விட்டுத் துழாவினோம்.
அரை மணி நேரம் மூடுபனிக்குள்
ஒரு இரும்புத் துண்டைக் கெஞ்சினோம்.
கிடைத்தபோது
இரண்டு பேருக்கும் விரல் விறைத்திருந்தது.

கடைசியில் அசைந்தது.
மணிக்கட்டு வழியாய் முழங்கைவரை
மெல்ல இறங்கியது ஒயில்.
உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது சென்சர்:
ஜாதிக்காய் அளவு,
வயர் மாட்டும் பக்கம் ஈரம்.
இதுவா இரண்டு லட்சம்?

அந்தத் துவாரத்தில் கேஜைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினேன்.
முள் துள்ளியது, நடுங்கியது, முப்பதில் நின்றது.
அழுத்தினேன், ஐம்பது.
விட்டேன், முப்பது.
எஞ்சினே, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நிறுத்தி, கேஜைக் கழற்றி,
புதுசை விரலாலேயே திருகினேன்.
மரை மரையைக் கண்டுபிடிக்கும்வரை
சாவி தொடக்கூடாது.
பிறகு ஒரு கால் சுற்று. போதும்.
பயத்தில் இறுக்கினால்தான் எதுவும் சீவிப்போகும்.

சாவியைத் திருப்பினேன்.
கெண்டி எரிந்தது.
"ஐயோ" என்றாள் ஜெசிந்தா.
எரியணும்டி,
எரியத் தெரியாத விளக்கும் நோயாளிதான்.
ஸ்டார்ட் பண்ணினேன்.
அணைந்தது.

போன் அடித்தது, கத்தார்.
கை முழுக்கக் கறுப்பு.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

செவ்வாய் கிளினிக்கில் நிரோஷினி,
முப்பத்துநாலு கிழமை.
நூற்று அறுபத்தெட்டுக்குக் கீழ் நூற்றுப்பத்து.
பட்டியை மாற்றினேன்.
மற்றக் கையில் கட்டினேன்.
கால்மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன்.
அதே எண்.
செருப்பு வார் அவள் பாதத்தில் பள்ளமாய்ப் பதிந்திருந்தது.
இது பட்டி இல்லை.

அம்புலன்ஸ் மஸ்கெலியாவில் நின்றதாம்.
பின் சீட்டில் இடப்பக்கமாய்ச் சரித்துப் படுக்கவைத்து,
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நானே விட்டேன்.
மழை.
முன்னால் ஒரு கொழுந்து லொறி,
வழி விடாமல்.

நோர்வூட் வளைவு.
கால் தானாய்த் தளர்ந்தது.
மூலையில் இருட்டு.
அடுத்த வளைவிலும் இருட்டு.

"மிஸ்ஸி," என்றாள் பின்னாலிருந்து,
"ஏன் அடிக்கடி கீழ பாக்கிறீங்க?"

"ரோட்டத்தான் பாக்கிறேன்.
நீ கண்ண மூடிப் படு."